மீதி இரண்டு ரூபாய்

எங்கள் பேட்டைக்கு இருப்பதே ஒரு இன்ஜினியரின் பெயர்தான். வெள்ளைக்காரர் காலத்தில் பெங்களூர் கண்டோன்மென்ட்டில் எக்ஸிக்யூட்டிவ் இன்ஜினியராக இருந்த மர்பியின் பெயர். அதற்கு முன் இந்த இடம் நாக்ஸ்பேட்டை. அந்த மர்பி டவுனில், எங்கள் சந்தில், முதன்முதலில் இன்ஜினியர் ஆனவள் நான். 2009இல் எனக்கு வேலை கிடைத்தபோது அப்பா மார்க்கெட்டில் கடைக்குக் கடை நின்று லட்டு கொடுத்தார். 2023இல் நான் பேப்பர் போட்ட அன்று அதே மார்க்கெட்டுக்குப் போனவர், யாரிடமும் பேச்சுக் கொடுக்காமல் கால் கிலோ கத்தரிக்காயோடு திரும்பி வந்தார்.

அப்பா எச்.ஏ.எல்.லில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டர். அவர் ரிட்டயரான அன்று பூமாலை, சால்வை, குரூப் போட்டோ எல்லாம் உண்டு. போட்டோ இன்னும் டி.வி.க்கு மேலே தொங்குகிறது. நான் பேப்பர் போட்ட அன்று ராத்திரி சாப்பிடும்போது தலையைத் தூக்காமல் கேட்டார்: “ரிட்டயர்டு ஆனா மாலை போடுவாங்க. ராஜினாமா பண்ணா யாரும்மா மாலை போடுவாங்க?”

அத்தை இன்னும் ஒரு படி மேலே போனாள். அவளுக்கு இது உத்தியோகப் பிரச்சினையே இல்லை, பாவ புண்ணியப் பிரச்சினை. “கெடச்ச சோத்த காலால எட்டி ஒதைக்கிறது பாவம்டி. எத்தினி பேரு அந்த சோத்துக்கு ஏங்கறாங்க?”

சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் நோட்டீஸ் பீரியட் தொண்ணூறு நாளும் அந்தக் கேள்வி என்னோடேயே ஆபீசுக்கு வந்து போனது. சம்பளம் வரும், யாரும் விரட்டாத ஒரு வேலையைத் தானாக விடுவது பாவமா? விடலாம் என்றால் எப்படி விட வேண்டும்?

எதற்காக விட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊழியம் செய்யப் போனேன், ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போனேன் என்றால் அத்தைகூட மன்னித்திருப்பாள். நான் போனது பானை செய்ய. பென்சன் டவுனை ஒட்டி பாட்டரி டவுன் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குயவர்கள் சக்கரம் சுற்றும் இடம். பிள்ளையார் சதுர்த்திக்கு முன் அந்தத் தெருவில் கால் வைக்க முடியாது, அத்தனை பிள்ளையார். 2019இல் ஆபீஸ் விழாவுக்குப் பிள்ளையார் வாங்கப் போனவள், ஒரு பெரியவர் அகல் விளக்கு வனைவதைப் பார்த்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டேன். அடுத்த சனிக்கிழமை மறுபடி போனேன். அதற்கடுத்த சனிக்கிழமை, “நின்னுக்கிட்டே இருந்தா எப்பிடி இன்ஜினியரம்மா, மண்ணை மிதிங்க” என்றார்.

மிதித்தேன். நாலு வருஷச் சனிக்கிழமைகள். மண் உருண்டையைச் சக்கரத்தின் நடுவில் அசையாமல் நிறுத்தவே எனக்கு மூன்று மாதம் பிடித்தது. உருண்டை ஒரு நெல்லளவு தள்ளி இருந்தாலும் சக்கரம் சுற்றும்போது முழங்கைவரை உதறும். நம் கை உருண்டையை அடக்குகிறதா, உருண்டை நம் கையை ஆட்டுகிறதா என்று தெரியாது. திடீரென்று ஒரு நாள் ஆட்டம் நின்றது. சக்கரம் சுற்றுவதே தெரியவில்லை. ஈரம் மட்டும் மினுங்கியது. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் பதினாலு வருஷ வேலையை விட்டாயா என்றால், ஆமாம். இதற்கு மேல் உயர்ந்த காரணம் எதையும் ஜோடிக்க எனக்குத் தெரியவில்லை.

பாவ புண்ணியம் என்றதும் கை தானாகப் புராணத்துக்குப் போகிறது. சேக்கிழார் பாடிய அறுபத்து மூவரில் திருநீலகண்டர் குயவர், திருக்குறிப்புத் தொண்டர் வண்ணார், அதிபத்தர் பரதவர், கலியர் எண்ணெய் வணிகர். பலருக்குத் தொழில்தான் அடையாளம். ஈசன் சோதிக்க வருவதும் தொழில் வழியாகவே. குயவரிடம் திருவோட்டைக் கொடுத்து வைத்துத் திருப்பிக் கேட்கிறார், வண்ணாரிடம் வெளுக்கத் துணி கொடுக்கிறார். முத்தி கிடைக்கிறது, தொழில் மாறுவதில்லை. குயவர் ஒரு நாள் வலையை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனார் என்று ஒரு கதை அங்கே கிடையாது. எங்கள் நந்தனாரோ கோயிலுக்குள் போகவே தீக்குள் இறங்க வேண்டியிருந்தது.

வேலையை முறைப்படி விட்டவர் என்று எனக்குத் தெரிந்து அதில் சிறுத்தொண்டர் ஒருவர். பல்லவனின் படைத்தலைவராக வாதாபியை அழித்துவிட்டு வருகிறார். அவர் சிவனடியார் என்று அப்புறம்தான் மன்னனுக்குத் தெரிகிறது. இவரையா போர்முனைக்கு அனுப்பினோம் என்று பதறி, நிதி கொடுத்து, விடை கொடுத்து அனுப்புகிறான். ராஜாவே எக்ஸிட் இன்டர்வியூ எடுத்துக் கையெழுத்தும் போட்ட மாதிரி. (ஊர் திரும்பியபின் அவர் வீட்டில் நடந்த பிள்ளைக்கறிக் கதையோடு எனக்குத் தீராத சண்டை உண்டு. அது இங்கே வேண்டாம்.) மாணிக்கவாசகர் இதற்கு நேர் எதிர். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணத்தைத் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவழித்துவிட்டார். பக்தர்களுக்கு அது திருவிளையாடல். எங்கள் ஆடிட் ஆட்களிடம் போனால் வேறு பெயர் சொல்வார்கள். அவர் விலகலைச் சரிக்கட்ட நரியெல்லாம் பரியாக வேண்டி வந்தது.

கீதையைக் காட்டி என்னை மடக்கியவர் எங்கள் டீமிலேயே இருந்தார், நல்ல மனுஷர். அவரவர் தர்மம் அரைகுறையாக இருந்தாலும் அதிலேயே நிற்க வேண்டும், அடுத்தவர் தர்மத்துக்குத் தாவுவது ஆபத்து என்றார். சரி, என் தர்மம் எது? பாட்டனார் இந்தக் கண்டோன்மென்ட்டில் என்ன வேலை செய்தார் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் நானும் செய்திருக்க வேண்டுமா? அப்படியானால் நான் கம்ப்யூட்டரைத் தொட்டதே தாவல்தான். ஒருமுறை தாவினால் முன்னேற்றம், மறுமுறை தாவினால் அதர்மமா? அவரால் பதில் சொல்ல முடியவில்லை. ஜெயித்துவிட்ட மாதிரிதான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தால் அதே கேள்வியை அத்தை பையன் வேறு பக்கத்திலிருந்து குத்தினான்: “உன் சீட்ல இன்னொரு பொண்ணு படிச்சிருப்பா இல்ல? அவ விட்டிருக்க மாட்டா.”

அதுதான் வலித்தது. எனக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்தது ஒதுக்கீட்டில். அதில் ஒளிக்க எனக்கு ஒன்றுமில்லை. எங்கள் வீட்டு முன்னறையில் மாரியம்மன் படமும் அம்பேத்கர் படமும் ஒரே சுவரில் இருக்கின்றன, ஒரே சீரியல் பல்பு இரண்டையும் சுற்றுகிறது. அந்தக் கோட்டுக்காரர் வாங்கிக் கொடுத்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க எனக்கு உரிமை உண்டா? அரண்மனை இருந்தவர் துறந்தால் புத்தர். ஒரு தலைமுறை முன்புதான் திண்ணை கிடைத்தவள் எழுந்து போனால் அதற்குப் பெயர் திமிர்.

மறுபடி அவரையே எடுத்துப் படித்தேன். 1936இல் லாகூரில் நடக்கவிருந்த மாநாட்டின் தலைமையுரைக்கு ஜாத்-பாத் தோடக் மண்டல் என்ற சாதி எதிர்ப்புச் சங்கம் அவரை அழைத்தது. எழுதிய உரையைப் பார்த்து மிரண்டு மாநாட்டையே நிறுத்திவிட்டது. பேசாத அந்தப் பேச்சை அவர் சொந்தச் செலவில் அச்சடித்தார். ‘சாதி ஒழிப்பு’ அப்படி வந்த புத்தகம்தான். அதில் ஒரு வாதம்: சாதி வேலையைப் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களைப் பிரிக்கிறது, பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறது. தனக்கென்று விதிக்காத தொழிலுக்கு ஒருவன் மாற முடியாதபடி கட்டிப் போடுவதால் வேலையில்லாமையும் அதிலிருந்தே பிறக்கிறது. கல்லூரியில் படித்தபோது இந்த இடத்தைப் பொருளாதாரம் என்று தாண்டிப் போயிருக்கிறேன். இந்தத் தடவை அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தொழில் மாறும் உரிமையைத்தான் அவர் கேட்டிருக்கிறார். மேலே ஏறுவதற்கு மட்டும் செல்லும், குறுக்கே போகச் செல்லாது என்று அந்த உரிமையில் ஷரத்து எதுவும் இல்லை. குயவர் வீட்டில் பிறக்காத ஒருத்தி குயவரிடம் போய்ச் சக்கரம் கற்றுக்கொள்வதும், அவர் பேத்தி எங்கேயோ ஐ.டி. கம்பெனியில் உட்கார்ந்திருப்பதும் அந்தப் புத்தகத்துக்கு எதிரானது இல்லை. அத்தை பையன் சொன்ன அந்த இன்னொரு பெண்ணுக்கு நான் பட்ட கடன் இதனால் தீர்ந்துவிட்டதா என்றால், தீரவில்லை. சில ராத்திரி அவள் முகத்தைக் கற்பனை செய்து பார்க்கிறேன்.

விடலாம் என்பது ஒருவழியாகத் தீர்ந்தது. எப்படி விடுவது?

விலகுவதில் பெரிய ஆசான் இதே மனுஷர்தான். சாகும்போது இந்துவாகச் சாக மாட்டேன் என்று 1935 அக்டோபர் 13இல் யேவலாவில் சொன்னார். நாக்பூரில் பௌத்தம் தழுவியது 1956 அக்டோபர் 14. இருபத்தொரு வருஷம் நோட்டீஸ் பீரியட்! அதற்குள் எத்தனை மதத்துக்காரர்கள் வந்து ஆஃபர் கொடுத்துப் பார்த்தார்கள். அவசரப்படவில்லை. நடுவில் 1951இல் மந்திரி பதவியை விட்டபோது தன் காரணங்களைச் சபையில் படிக்க எழுந்தார். முன்கூட்டியே பிரதி வேண்டும் என்று பிரச்சினை எழுந்ததும் வெளியே வந்து அறிக்கையைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டார். அந்த அறிக்கையில் தேன் தடவிய வார்த்தை இல்லை, காரணம் இருக்கிறது.

எங்கள் ஸ்கூலில் இன்ஜினியர்ஸ் டே பேச்சுப் போட்டி என்றால் விஸ்வேஸ்வரய்யா கதைதான். மைசூர் திவான் பதவியை ராஜினாமா செய்ய சர்க்கார் காரில் போனாராம், திரும்பும்போது சொந்தக் காரில் வந்தாராம். அதைச் சொல்லி டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியிருக்கிறேன். ஏன் ராஜினாமா செய்தார் என்று எந்த டீச்சரும் சொல்லவில்லை. அரசு வேலைகளில் பிராமணரல்லாதாருக்கு இடம் கொடுப்பது பற்றி ஆராய 1918இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் மில்லர் கமிட்டியைப் போட்டார். திவானுக்கு அதில் உடன்பாடு இல்லை. அதே வருஷம் விலகினார். சர்க்கார் பெட்ரோல் ஒரு சொட்டும் தன் கணக்கில் சேரக்கூடாது என்ற அந்த நாணயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் எந்த வாசலைத் திறக்கப் போகிறார்கள் என்று அவர் எழுந்து போனாரோ, அதே மாதிரி ஒரு வாசல் வழியாக வந்தவள் நான். நயமாக விலகுவது மட்டுமே விலகலை நியாயமாக்கிவிடாது என்று டிபன் பாக்ஸ் வாங்கி இருபத்தைந்து வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

என் மனசில் ஒட்டிக்கொண்ட ராஜினாமா வேறொன்று. 1896 ஆகஸ்ட் 29, மதுரை. பதினாறு வயசுப் பையன் வேங்கடராமன். அண்ணனிடம் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிக் கிளம்புகிறான். அப்படியானால் என் காலேஜ் ஃபீஸையும் கட்டிவிடு, பெட்டியில் அஞ்சு ரூபாய் இருக்கிறது என்கிறார் அண்ணன். பையன் மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு இரண்டை வைக்கிறான். கூடவே ஒரு சீட்டு. வருத்தப்பட வேண்டாம், தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்கிற மாதிரி சில வரி. கையெழுத்துப் போடும் இடத்தில் பெயர் இல்லை, வெறும் கோடு. அதற்குக் கீழே கணக்கு: உன் ஃபீஸ் கட்டவில்லை, இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது. திண்டிவனத்துக்கு டிக்கெட் இரண்டு ரூபாய் பதிமூன்று அணா. செப்டம்பர் 1 திருவண்ணாமலை. அப்புறம் அவர் ரமணர்.

பக்தர்கள் அந்தச் சீட்டில் “நான்” என்று தொடங்கி “இது” என்று மாறும் இடத்தைக் காட்டி உருகுவார்கள். எனக்கு அந்தப் பின்குறிப்புதான். உடம்பே நான் இல்லை என்று ஆனவனுக்கும் அண்ணனின் காலேஜ் ஃபீஸ் ஞாபகம் இருந்திருக்கிறது. பொய் சொல்லித்தான் கிளம்பினான், மூன்று ரூபாயும் அண்ணன் காசுதான். அதெல்லாம் சரி. ஆனால் தேவைக்கு மேலே எடுக்கவில்லை, கட்டவில்லை என்பதை மறைக்கவில்லை.

ராஜினாமா என்ற சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. ராஜி என்றால் இசைவு, நாமா என்றால் பத்திரம். நம் ஊரில் சண்டைக்காரர்கள் ராஜியாகிவிட்டார்கள் என்கிறோமே, அதே ராஜி. வெள்ளைக்காரர் காலத்துப் பம்பாய் மாகாணக் கணக்கில் குடியானவர் தன் நிலத்தை விட்டுக்கொடுக்க எழுதித் தருவதும் ராஜினாமாதான். யாரோ கோபித்துக்கொண்டு கதவை அறைந்து போவது இல்லை அது. கணக்கு நேராகி இரண்டு பக்கமும் தலையாட்டிய பத்திரம்.

அந்தத் தொண்ணூறு நாளை அப்படிச் செலவழிக்கப் பார்த்தேன். கே.டி. கொடுப்பது என்பார்கள் எங்கள் தொழிலில், தெரிந்ததையெல்லாம் அடுத்தவருக்குச் சொல்லிவைப்பது. (நான் ஆபீசில் கே.டி. கொடுக்கிறேன் என்றதும் அப்பா பதறினார். அவருக்குத் தெரிந்த கேடி போலீஸ் ஸ்டேஷன் போர்டில் போட்டோ ஒட்டியிருக்கும் ஆள்.) கார் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. அதற்கு ஒரு டெஸ்ட் பெஞ்ச். அதில் ஒரு ரிலே, தீப்பெட்டி சைஸ், அவ்வப்போது ஒட்டிக்கொள்ளும். சுண்டு விரலால் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் டிக்கென்று விடும். புது ரிலே வாங்க மூன்று பேர் கையெழுத்து வேண்டும், தட்ட யார் கையெழுத்தும் வேண்டாம். ஆறு வருஷம் தட்டியே ஓட்டினேன். கே.டி. டாக்குமென்ட் எழுதும்போது அதைச் சேர்ப்பதா என்று அரை நாள் யோசித்தேன். சேர்த்தால், ஆறு வருஷம் ஒரு கோளாறை மறைத்தேன் என்று ஆகும். சேர்க்காவிட்டால், எனக்குப் பின் வரும் தம்பி ராத்திரி பதினோரு மணிக்குத் தலையைப் பிய்த்துக்கொள்வான். நாலாம் பக்கத்தில் எழுதினேன். எழுதி முடித்ததும் பணம் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது.

இன்னொரு பாக்கி இருந்தது, அது எனக்கு வர வேண்டியது. 2016இல் சாப்பாட்டு மேஜையில் வேறு டீம் சீனியர் ஒருவர், கோட்டாவில் வந்தவர்கள் எழுதிய கோடை இரண்டு தடவை செக் பண்ண வேண்டும் என்று சொல்லிச் சிரித்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. தயிர்சாதத்தை முடித்து எழுந்து போனேன். அதற்குப் பின் ஏழு வருஷமாகக் குளிக்கும்போதெல்லாம் மனசுக்குள் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். எக்ஸிட் இன்டர்வியூவில் கொட்டிவிடலாம், அல்லது புன்சிரிப்போடு கேக் வெட்டிவிட்டுப் போகலாம். கௌரவமாக விலகுவது என்றால் இரண்டாவதுதான் என்று எல்லாரும் சொல்வார்கள். கணக்கை மூடாமல் சிரிப்பதில் என்ன கௌரவம் என்று எனக்குத் தோன்றியது. கடைசி வாரத்தில் அவரை டீக்குக் கூப்பிட்டேன். நீங்கள் சொன்னது இது, நான் அந்தக் கோட்டாவில் வந்தவள், என் கோடை இரண்டு தடவை இல்லை, பத்துத் தடவை செக் பண்ணிய பிறகுதான் யாரிடமும் கொடுப்பேன், அதற்குக் காரணம் உங்கள் மாதிரி ஆட்கள் என்றேன். குரல் உயரவில்லை, கை மட்டும் நடுங்கியது. அவர் முகம் வெளுத்துவிட்டது. “நானா? அப்பிடியா சொன்னேன்?” அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. டீக்குக் காசு மட்டும் அவர் கொடுத்தார். ஏழு வருஷம் நான் சுமந்தது அவரிடம் ஏழு நிமிஷம்கூட இருந்ததில்லை. ஏனோ அதில் எனக்கு ஒரு விடுதலை இருந்தது, சிரிப்பும் வந்தது.

கடைசி நாள் லேப்டாப், ஐ.டி. கார்டு, லாக்கர் சாவி, நோ டியூஸ் கையெழுத்து. கிராஜுவிட்டி உண்டு. அப்போது இருந்த 1972ஆம் வருஷச் சட்டப்படி ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம், மாதத்தை இருபத்தாறு நாளாக வைத்துக் கணக்கு. பதினாலு வருஷத்துக்கு இருநூற்றுப் பத்து நாள். தமிழில் இதற்குப் பணிக்கொடை என்று அழகான பெயர். கொடைக்கு வகுத்தல் கணக்கு வைத்த சட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. அன்பு இருக்கிறதோ இல்லையோ, இருநூற்றுப் பத்து நாள் இருக்கிறது.

அதில் ஒரு பங்கில் பழைய மின்சாரச் சக்கரம் ஒன்று வாங்கி வீட்டுப் பின்கட்டில் போட்டேன். அப்பா முதல் ஒரு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை. எட்டாம் நாள் பெல்ட் சத்தம் போடுகிறது என்று ஸ்பானரோடு வந்தார். ஃபிட்டர் புத்தி. அதிலிருந்து பெல்ட்டுக்கு மேற்பார்வை அவர்தான். பானைகளைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னதில்லை. அத்தை மட்டும், ஆடி மாதக் கூழ் ஊற்ற ஒரு பெரிய பானை வேண்டும் என்று அளவு சொல்லிவிட்டுப் போனாள். பாவத்தைப் பற்றி அப்புறம் பேச்சு இல்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு சாயங்காலம், கை முழுக்க மண், போன் அடித்தது. அப்பா எடுத்து என் காதில் பிடித்தார். ஆபீஸ் தம்பி.

“அக்கா, அந்த ரிலே ஒட்டிக்கிச்சு.”

“நாலாம் பக்கம் பாருடா.”

“பார்த்தேங்க்கா. தட்டறேன், விட மாட்டேங்குது.”

“ஸ்டிக்கர் இருக்கிற பக்கமா தட்டு. மெதுவா.”

டிக்கென்ற சத்தம் போனில் எனக்கே கேட்டது. தம்பி தேங்க்ஸ் சொல்ல ஆரம்பித்தான். அப்பா போனைத் தன் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“யப்பா, நான் அவங்க அப்பா பேசறேன். தட்டித் தட்டி எத்தினி நாளு ஓட்டுவீங்க? உள்ள கான்டாக்ட் தேஞ்சி போயிருக்கும். புதுசு மாத்துங்க.”